இணையதளப் படங்களைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையப் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றதும் பலர் முதலில் கை வைப்பது படத்தின் தர எண்ணில்தான். 90 என்றிருந்ததை 40 ஆக்கி, முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதையும் வரை சுருக்கிய பிறகும் வேகம் கூடவில்லையே என்று குழம்புவார்கள். பெரும்பாலும் கோளாறு படத்தின் நீள அகலத்தில் இருக்கிறது. 4000க்கு 3000 பிக்சல் கொண்ட கேமராப் படத்தை 800 பிக்சல் அகலமுள்ள இடத்தில் காட்டினால், தேவையானதைப் போல 25 மடங்கு பிக்சல்களை வாசகரின் கைபேசி வீணாகச் சுமக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அகலத்தைக் குறைத்து எழுதினாலும் கோப்பில் ஒரு பைட்கூடக் குறையாது. அடர்த்தி மிகுந்த திரைகளையும் கருத்தில் கொண்டால், அந்த இடத்திற்கு 1600 பிக்சல் அகலம் தாராளமாகப் போதும்.

இதற்காகவே ஒரே படத்தைப் பல அளவுகளில் தரும் சோர்ஸ்செட் வசதி இருக்கிறது. ஆனால், அதைப் பயன்படுத்துவோர், படம் எவ்வளவு அகலத்தில் காட்டப்படும் என்று சொல்லும் சைசஸ் என்ற துணைக்குறிப்பை எழுத மறந்துவிடுகிறார்கள். அது இல்லையென்றால், படம் திரையின் முழு அகலத்தையும் நிரப்பும் என்று உலாவி எடுத்துக்கொள்வதால், சிறிய கட்டத்திற்கும் பெரிய கோப்பே வந்து இறங்கும்.

அடுத்தது கோப்பு வகை. நிழற்படத்தை பிஎன்ஜியாகச் சேமித்தால் கோப்பு பல மடங்கு பெருக்கும். எழுத்துகள் நிறைந்த ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக் ஆக்கினால், குறிப்பாகச் சிவப்பு எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரியும், ஏனெனில் ஜேபெக் சுருக்கத்தில் நிற விவரங்கள் பெரும்பாலும் பாதித் துல்லியத்திலேயே வைக்கப்படுகின்றன. லோகோவுக்கு, படத்தைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் எஸ்விஜி பொருந்தும். நிழற்படங்களுக்கு 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய வெப்பி, அதற்குப் பின் வந்த ஏவிஃப் ஆகிய இரண்டையும் இன்றைய முக்கிய உலாவிகள் அனைத்தும் ஏற்கின்றன. எதுவாக மாற்றினாலும் மூலக் கோப்பிலிருந்தே மாற்ற வேண்டும். ஏற்கெனவே சுருக்கிய ஜேபெக்கை மீண்டும் சுருக்கினால் பழைய சிதைவின் மேல் புதிய சிதைவும் படியும்.

படம் திரையை நெருங்கும்போது மட்டும் அதைப் பதிவிறக்கும் லேசி லோடிங்கை எல்லாப் படங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது, நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறு. பக்கம் திறந்ததும் கண்ணில் படும் முதல் பெரிய படத்திற்கு அதைப் போட்டால், பக்கத்தின் அமைப்பு கணக்கிடப்படும் வரை பதிவிறக்கம் காத்திருக்க நேரும். பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்று கூகுள் வைத்துள்ள அளவுகோலில் பல தளங்கள் சறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். படத்தின் அகல உயரத்தைப் பக்கத்தின் எச்டிஎம்எல் குறிமுறையில் குறிப்பிடாமல் விடுவதும் தவறுதான்: படம் வந்து சேரும்போது, வாசித்துக்கொண்டிருந்த பத்தி சட்டென்று கீழே நழுவும்.

இருப்பிடம் போன்ற மறைவிவரங்களைக் கோப்பிலிருந்து நீக்குவது நல்லதே. ஆயினும், நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நிற விவரக்குறிப்பையும் சேர்த்து நீக்குவதற்கு முன், படத்தை இணையத்தின் பொதுவான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையெனில், அதைவிட அதிக நிறங்களை அடக்கும் விரிந்த நிறவெளியில் எடுத்த படங்கள் வெளிறிக் காட்சியளிக்கும்.