பாங்காக்கிலிருந்து பினாங்குக்கு இரவு ரயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் வசிக்கும் நண்பர்களைப் பார்க்க பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் செல்ல விரும்புவோர், அந்த ரயில் பினாங்கு வரை செல்வதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பினாங்குத் தீவுக்கு எதிரே மலேசிய நிலப்பரப்பிலுள்ள பட்டர்வொர்த் வரை நேரடியாக ஓடிய ரயில் 2016 இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்போது 45-ஆம் எண் ரயில் எல்லையிலுள்ள பாடாங் பெசாரோடு நின்றுவிடுகிறது. புறப்படும் இடமும் மாறிவிட்டது. 2023 ஜனவரி முதல் இந்த ரயில் பழைய ஹுவாலம்போங் நிலையத்துக்கு வருவதில்லை. பாங்காக்கின் புதிய குருங்தேப் அபிவத் முனையத்திலிருந்தே கிளம்புகிறது. பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டமிடுவோர் இந்த இரண்டு இடங்களிலும் தடுமாறுகிறார்கள்.

பணத்தாலும் அலைச்சலாலும் மிகப் பெரிய இழப்பைத் தருவது வேறொரு தவறு. தாய்லாந்தில் வேலை பார்த்து, தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் நீட்டித்துவரும் நம்மவர்கள் பலர், 'இரண்டு நாளில் திரும்பிவிடப் போகிறோம்' என்ற எண்ணத்தில் அதே விசாவில் திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதி (re-entry permit) வாங்காமல் எல்லையைக் கடந்துவிடுகிறார்கள். அவ்வாறு கடந்த அந்தக் கணமே தங்கும் அனுமதி காலாவதியாகிவிடும். அதன்பின் விசாவை முதலிலிருந்து பெற வேண்டியிருக்கும். ஒருமுறைக்கான அனுமதிக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட் கட்டணம். எல்லையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், பயணத்துக்குச் சில நாள் முன்பே குடிவரவு அலுவலகத்தில் இதை முடித்துவிடுவதே பாதுகாப்பானது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31 வரை விசா விலக்கு அளித்திருக்கிறது. விசா வேண்டாம் என்றதும் வேறெதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியாவின் மின்னணு வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். இது இலவசம். தேடுபொறியில் முதலில் தோன்றும் தனியார் தளங்கள் இதற்கே பணம் கேட்கின்றன என்பதால், குடிவரவுத் துறையின் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டு நிரப்புவது நல்லது.

படுக்கையைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. கீழ்ப்படுக்கை அகலமானது, சற்று விலை கூடியது. குளிரூட்டப்பட்ட பெட்டியில் இரவு முழுவதும் குளிரும் வெளிச்சமும் இருக்கும் என்பதால் சால்வை அவசியம். சைவ உணவு உண்பவர்கள் கையில் எடுத்துச் செல்வதே நிம்மதி. ஆனால் எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்பதில் அலட்சியம் கூடாது. தென் தாய்லாந்திலுள்ள ஹாட்யாய் சந்திப்பில் ரயில் பிரிக்கப்பட்டு, சில பெட்டிகள் மட்டுமே பாடாங் பெசாருக்குச் செல்கின்றன. அந்த நேரத்தில் வேறு பெட்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், நாம் ஒரு பக்கமும் நம் பை இன்னொரு பக்கமும் போய்விடும்.

ஹாட்யாயைத் தாண்டியபின் அரைத்தூக்கத்தில் செய்யக்கூடிய தவறும் உண்டு. பாடாங் பெசார் என்ற பெயரில் தாய்லாந்துப் பக்கத்தில் ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கிவிடாமல், அடுத்ததாக மலேசியப் பக்கத்தில் வரும் பெரிய நிலையத்தில்தான் இறங்க வேண்டும். இரு நாடுகளின் குடிவரவுச் சோதனையும் அந்த ஒரே கட்டடத்தில் நடக்கிறது. ரயில் அங்கேயே முடிவதால், சாமான்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

அங்கு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவுகிறது. தாய்லாந்து நேரப்படி காலை எட்டு மணிக்கு வந்தால், மலேசியாவில் அப்போது ஒன்பது. இதைக் கணக்கில் கொள்ளாமல் ஒன்பதரை மணி கோலாலம்பூர் ரயிலுக்கு இருக்கை பதிவுசெய்தவர், ஒன்றரை மணி நேரம் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். உண்மையில் அரை மணிதான், அதுவும் ரயில் தாமதமின்றி வந்தால். பினாங்கு செல்பவர்கள் முன்பதிவு தேவைப்படாத கொம்யூட்டர் என்னும் உள்ளூர் ரயிலில் பட்டர்வொர்த் போவதே சரி. ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்.

நண்பர்களிடம் 'காலையில் வந்துவிடுவேன்' என்று மட்டும் சொல்லி அவர்களைக் காக்க வைப்பது முறையல்ல. கொம்யூட்டரில் ஏறியபின் தகவல் சொல்வதே சரியானது. தாய்லாந்து சிம் எல்லைக்கு அப்பால் வேலை செய்யாமல் போகலாம் என்பதால், ரோமிங் வசதியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தீவில் வசிக்கும் நண்பரை, வாகன நெரிசலில் பாலம் கடந்து பட்டர்வொர்த்துக்கு வரச் சொல்லவும் தேவையில்லை. நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குச் சென்றுவிடலாம். படகு பத்து முதல் பதினைந்து நிமிடங்களில் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரில் சேர்க்கும். நண்பர் அங்கே காத்திருந்தால் போதும்.

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்கச் செல்பவர்கள், டிக்கெட்டைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடக் கூடாது. எல்லை வரை செல்லும் படுக்கைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஏப்ரல் நடுவில் வரும் தாய்லாந்துப் புத்தாண்டான சோங்கிரான் விடுமுறைக்கும் இது பொருந்தும். திரும்பும் பயணத்தில், தாய்லாந்து டிக்கெட்டில் அச்சாகியிருப்பது தாய்லாந்து நேரம். பாடாங் பெசாரில் உங்கள் கைபேசி அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்தும் மின்னணு வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருப்பதால், பினாங்கை விட்டுக் கிளம்புமுன் நண்பர் வீட்டு இணையத்திலேயே அதை நிரப்பிவிட வேண்டும்.