அஞ்சாம் மாச ஸ்கேனில் குழந்தையின் இதயம்: 'நாலு அறையும் நார்மல்' என்றால் போதாது

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது. அந்தத் தாய்மாரில் பெரும்பாலோருக்கு முன்கூட்டிச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இருப்பதில்லை. 'எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே' என்று யாரும் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதயத்தைப் பார்க்க 18 முதல் 20 வாரம் வசதியான காலம். இந்தியச் சட்டப்படி 24 வாரம் தாண்டினால், கடுமையான குறை என்றாலும் கருவைக் கலைப்பதா என்பதை மருத்துவக் குழுதான் முடிவு செய்யும். 22 வாரத்தில் போய் நின்றால், மறு ஸ்கேனுக்கும் பனிக்குட நீர்ச் சோதனைக்கும் (டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறை உண்டா என்று பார்ப்பது) நாள் போதாது.

ஸ்கேன் செய்பவர் முதலில் குழந்தையின் இடது, வலதை உறுதி செய்ய வேண்டும். இரைப்பையும் இதயமும் இடப்பக்கம் இருக்கவேண்டும். இதயத்தின் நுனி சுமார் 45 டிகிரி இடப்புறம் சாய்ந்திருக்கும்; நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு இடத்தை இதயம் பிடிக்கும். பிறகு நாலு அறைகள். இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே அளவா, நடுச்சுவரில் ஓட்டை தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். வலப்பக்க வால்வு இடப்பக்கத்தைவிட இதய நுனிக்குச் சற்றே நெருக்கமாக ஒட்டியிருப்பதுதான் இயல்பு. இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் நடுப்பகுதியே சரியாக உருவாகவில்லையோ என்று சந்தேகிக்கணும். டவுன் சிண்ட்ரோமில் அடிக்கடி வருவது இது.

பல இடங்களில் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறு நடப்பதும் இங்கேதான். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருந்தாலும் நாலு அறைகள் அழகாகவே தெரியும். 'நீலக் குழந்தை'க்குக் காரணமான ஃபாலோ நோயிலும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியை (புரோப்) மெதுவாகக் குழந்தையின் தலைப்பக்கம் நகர்த்தி, இரண்டு தமனிகளும் கிளம்பும் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அவை ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும். இணையாக ஓடினால் இடம் மாறியிருக்கிறது. இன்னும் மேலே போனால் நுரையீரல் தமனி, பெருந்தமனி, மேல் பெருஞ்சிரை மூன்றும் ஒரே வரிசையில், பெரிதிலிருந்து சிறிதாக நிற்கும்.

ரிப்போர்ட்டை வாங்கியதும் 'அவுட்ஃப்ளோ டிராக்ட்' (தமனிகள் கிளம்பும் இடம்), 'த்ரீ வெசல் வியூ' (மேலே சொன்ன மூன்று குழாய்களின் வரிசை) என்ற வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் முதுகெலும்பு, விலா எலும்புகளின் நிழல் இதயத்தின் மேல் விழும். கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் பல நேரம் புரண்டுவிடும். அப்போதும் தெரியவில்லையென்றால் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்வதே நேர்மை. 'சரியாகத் தெரியவில்லை' என்பதை 'நார்மல்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிலருக்கு இந்த அஞ்சாம் மாச (அனாமலி) ஸ்கேன் மட்டும் போதாது, குழந்தையின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோவும் வேண்டும்: கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்கள், பெற்றோருக்கோ முந்தைய குழந்தைக்கோ இதயக் குறை இருந்தவர்கள், மூன்றாம் மாச ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்து நீர் அளவு (என்.டி.) 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தவர்கள், ஐ.வி.எஃப். கர்ப்பம், ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள். லூபஸ் போன்ற நோய்களில் காணப்படும் ஆன்டி-ரோ எதிர்பொருள் ரத்தத்தில் உள்ள தாயின் குழந்தைக்கு இதயத் துடிப்பே தடைப்படலாம் என்பதால் எக்கோவைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள்.

சின்ன ஓட்டைகள் ஸ்கேனில் தப்பிவிடும். மேல் அறைகளுக்கு இடையிலான திறப்பும், இரு தமனிகளை இணைக்கும் குழாயும் கருவில் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. பிறந்த பிறகு அவை மூடாமல் போகுமா என்று முன்னாலேயே சொல்ல முடியாது. பெருந்தமனிச் சுருக்கமும் அடிக்கடி கண்ணுக்குத் தப்பும்.

குறை தெரிந்தால் குழந்தை இதய மருத்துவரைப் பார்த்து, பிரசவம் எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தமனி இடமாறிய குழந்தை அந்த இணைப்புக் குழாயை நம்பித்தான் உயிர்வாழும். அது பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும். அதைத் திறந்து வைக்க, ரத்தக் குழாய் வழியே ஏற்றும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து தயாராக உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்திருந்தாலும், பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிமீட்டர் வைத்து ரத்த ஆக்சிஜன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிலாவது 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உடனே எக்கோ எடுக்கவேண்டும். இரண்டில் ஒன்றிலாவது 95-க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்க்கவேண்டும். அப்போதும் மாறவில்லையென்றால் எக்கோதான்.