ஃபாக்டரி வீட்டுக்கு மானியம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை பெரும்பாக்கத்தில் பிரீகாஸ்ட் முறையில், அதாவது கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்துப் பூட்டும் முறையில், 1,152 வீடுகள் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள் இல்லையா, மத்திய அரசு ஆறு நகரங்களில் ஆறு விதமான தொழில்நுட்பங்களைச் சோதித்துப் பார்த்ததில் அதுவும் ஒன்று. இப்படி ஃபாக்டரியில் செய்து கொண்டுவந்து பூட்டும் வீட்டுக்கு அரசு தனியாகப் பணம் தரும் என்று சொல்லிச் சிலர் ஆர்டர் பிடிக்கிறார்கள். முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பணம் யாருக்கு என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் புதிய தொழில்நுட்பத்துக்கென்று ஒரு மானியம் இருக்கிறது. ஏழைகளுக்காகத் திட்டத்தின் கீழ் கட்டப்படும் மலிவு விலைக் குடியிருப்பு என்றால் சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய். வாடகைக் குடியிருப்பு என்றால் மத்திய அரசு 3,000, மாநில அரசு 2,000. இந்த மானியம் போவது கட்டுகிற திட்டத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. சொந்த மனையில் கட்டிக்கொள்பவருக்குத் தமிழ்நாட்டில் மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து 2.5 லட்சம். அதற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது, நாட்டில் எங்கேயும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. செங்கல்லில் கட்டினாலும் அதே தொகைதான், இரும்புச் சட்டத்தில் கட்டினாலும் அதே தொகைதான்.

இன்னொன்று, "எங்கள் பேனல் (ஃபாக்டரியில் வார்த்த சுவர்ப் பலகை) அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற பேச்சு. கட்டுமானத் தொழில்நுட்பங்களை மதிப்பிட்டுச் சான்று தருவதற்கு பி.எம்.டி.பி.சி. என்ற மத்திய அரசு அமைப்பு இருக்கிறது. அது தருவது குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட பொருளுக்கோ முறைக்கோ. அந்தப் பொருளை வாங்கி வந்து உங்கள் மனையில் பூட்டப்போகிற கான்ட்ராக்டருக்கு இல்லை. சான்றை வாங்கி யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை மாடிக்குப் பொருந்தும் என்று படித்துப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

பெரிய திட்டத்தின் விலையைத் தன் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் வீட்டுக்கு ஒரே அச்சில் வார்த்தால் அச்சுக்கான செலவு பிரிந்துபோகும், ஒரே வீட்டுக்கு வார்த்தால் மொத்தமும் உங்கள் தலையில்தான். லாரி வாடகை, கிரேன் வாடகை, பொருளுக்கு ஜி.எஸ்.டி. எல்லாம் கூட வரும். அப்புறம் உங்கள் தெருவில் கிரேன் நிற்க இடம் இருக்கிறதா, தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று கொட்டேஷன் போடுபவர் நேரில் வந்து பார்த்தாரா? பார்க்காமல் போட்ட கொட்டேஷனை நம்பவே வேண்டாம்.

பிளானை நடுவில் மாற்றுவது அடுத்த தவறு. கொத்தனாரிடம் சுவர் எழும்போது "ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இதில் ஒயரிங் பைப், பிளம்பிங் துளை எல்லாமே வார்க்கும்போதே உள்ளே போய்விடும். சுவரே பாரம் தாங்கும் முறையாக இருந்தால் குடிவந்த பிறகும் அதை இடிக்க முடியாது. சுவிட்ச் போர்டு வரை முடிவு செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூடவே, பேனல்கள் சேரும் இடத்தை அடைக்க என்ன சீலன்ட் (அடைப்புப் பசை), மழையில் ஒழுகினால் எத்தனை வருடம் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது.

கடைசியாகக் கடன். பெரும்பாலான வங்கிகள் அஸ்திவாரம், லிண்டல், ரூஃப் என்று மனையில் வேலை ஏற ஏறத்தான் வீட்டுக் கடனை விடுவிக்கும். அரசு உதவியும் வேலையைப் படம் எடுத்துப் பதிவு செய்த பிறகு தவணையாகத்தான் வரும். ஃபாக்டரிக்காரரோ மனையில் ஒன்றுமே தெரியாத கட்டத்தில் பாதிப் பணம் கேட்பார். இந்த இடைவெளிக்குக் கைக்காசு இல்லாமல் வெளியில் வட்டிக்கு வாங்கினால், சீக்கிரம் முடிவதால் மிச்சமாகும் என்று போட்ட கணக்கு அங்கேயே காலி. வங்கியிடம் பேமென்ட் அட்டவணையை முதலிலேயே காட்டி, ஃபாக்டரியில் வந்து பார்த்துப் பணம் விடுவிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.