ரொட்டி, ஆப்பம், கேக்: நம்ம ஊர் அடுக்களையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் இருக்கும் என் வீட்டு அடுக்களைக்குச் சனிக்கிழமைதோறும் நாலைந்து பேர் வருவார்கள். ரொட்டியை வீட்டிலேயே சுட வேண்டும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் ஆப்பமும் கடையை நம்பாமல் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். போன வாரம் அதில் ஒரு பெண், வீட்டில் பிசைந்த ரொட்டி மாவைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் கள் வாடை. தொட்டால் பிசுபிசுவென்று விரலோடு வந்தது. "வீடியோவில் ஒன்றரை மணி நேரம்னுதான் சொன்னாங்க அக்கா, நான் மணி பார்த்துத்தான் வச்சேன்" என்றாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உப்பு போட மறப்பது, மாவைச் சலிக்காமல் விடுவது பற்றியெல்லாம் நான் எழுதவில்லை. ஒரு தடவை செய்தால் அடுத்த தடவை தானாக நினைவு வரும்.

மணி பார்த்து மாவைப் பொங்க வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ரொட்டிக் குறிப்புகளில் பாதிக்கு மேல் குளிர் நாட்டு அடுக்களைக்காக எழுதியவை. அங்கே வீட்டுக்குள் 20, 22 டிகிரி இருக்கும். நம்ம அடுக்களையில் பங்குனி, சித்திரை மத்தியானம் 32 டிகிரி சாதாரணம். ஈஸ்ட் உயிருள்ள பொருள். இந்த அளவுச் சூட்டில் எட்டு, பத்து டிகிரி கூடினாலே அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அங்கே ஒன்றரை மணி நேரம் என்றால் இங்கே முக்கால் மணி. மிச்ச முக்கால் மணி நேரமும் மாவு கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எப்படிக் கெடுகிறது? மாவில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். புளிப்பு ஏறும். காற்றைப் பிடித்து வைக்கிற இழை தளர்ந்துபோகும். அந்த ரொட்டி ஓவனுக்குள் எழும்பாது. மேல்தோலும் சிவக்காது, சிவக்கிறதற்குச் சர்க்கரை மிச்சம் இருக்க வேண்டுமே. வெளுத்த ரொட்டியைப் பார்த்துவிட்டு ஓவன்தான் சரியில்லை என்று புது ஓவன் வாங்கினவர்களை எனக்குத் தெரியும். புது ஓவனிலும் ரொட்டி வெளுத்துத்தான் வந்தது.

ஆப்ப மாவிலும் இதே கதைதான், இங்கே பழைய பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி கரைத்து வைத்துக் காலையில் சுடுவது கள் ஊற்றிய காலத்துக் கணக்கு. கள் மெதுவாக வேலை செய்யும், விடியும்வரை பொறுக்கும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. சிலர் சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்த தேங்காய்த் தண்ணீருக்கு மாறினார்கள், நிறையப் பேர் ஈஸ்ட் பொட்டலத்துக்கு மாறினார்கள். கள் போன பிறகும் ராத்திரிக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் மூன்று கிலோ பச்சரிசி, ஆறு தேங்காய் போட்டு மாவு அரைத்தேன். கப்பி (அரிசி மாவின் குருணையில் காய்ச்சுகிற கஞ்சி) காய்ச்சி ஆறவிட்டு, இரண்டு பெரிய ஸ்பூன் ஈஸ்டும் சேர்த்து, பெரிய பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டு ராத்திரி ஆராதனைக்குப் போனோம். திரும்பி வரும்போது மணி இரண்டு. மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடை வழியாக வடிந்து தரைவரைக்கும் வந்திருந்தது, அதைச் சுற்றி எறும்பு. பாத்திரத்தில் மிஞ்சினதைக் காலையில் சுட்டுப் பார்த்தேன். ஓரம் லேஸ் மாதிரி விரியவில்லை, நடு உப்பவில்லை, சட்டியை விட்டு வரவே மாட்டேன் என்றது. சாப்பாட்டுக்கு இருபது பேர் வரவேண்டியிருந்தது. கடைசியில் கோழிக்கறிக்குப் புட்டு அவித்தோம். அந்த ஆறு தேங்காயை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது.

இப்போது நான் செய்வது இது. அரைக் கிலோ மைதாவுக்கு வெளிநாட்டுக் குறிப்பு 7 கிராம் ஈஸ்ட் சொன்னால் நான் 3 கிராம்தான் போடுவேன், வெயில் காலத்தில் பிசைகிற தண்ணீரும் மண்பானைத் தண்ணீர். பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு எடுத்து நேரான கண்ணாடி டம்ளரின் அடியில் அமுக்கி, மாவு நிற்கிற உயரத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவேன். டம்ளரில் இரண்டு மடங்கு ஏறினால் பாத்திரத்திலும் ஏறிவிட்டது. அச்சில் வைத்த பிறகு மாவை விரலால் லேசாக அமுக்க வேண்டும். சட்டென்று குழி நிறைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக எழும்பி லேசான குழி மிஞ்சினால் ஓவனுக்குள் தள்ளலாம். குழி அப்படியே நின்றால் பிந்திவிட்டது. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதே டம்ளர் ஒன்றே கால் மணி நேரம் எடுக்கும், அப்போதும் பொறுத்திருங்கள். ராத்திரி முழுக்க வைக்கிற ஆப்ப மாவுக்கு ஒரு கிலோ அரிசிக்கு கால் டீஸ்பூன் ஈஸ்ட் தாராளம். பாத்திரமும் பாதிக்கு மேல் நிறையக் கூடாது.

பொங்கித் தளர்ந்த மாவைக் கொட்டிவிடாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த தடவை புது மாவு பிசையும்போது ஒரு கை சேருங்கள். ருசி கூடும்.

கொதிக்கிற தண்ணீரில் ஈஸ்ட் போடுவது

60 டிகிரியில் செத்துவிடும். கை பொறுக்கிற சூடு போதும்.

டம்ளரால் மைதா அளப்பது

அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராம், தூவி அள்ளினால் 120. ஒரு தராசு வாங்குங்கள்.

கேக்குக்குச் சர்க்கரையைக் கருக்கும்போது பயப்படுவது

பிளம் கேக்கின் நிறமும் ருசியும் பாதி இதில்தான். பொன்னிறம் வந்ததும் பயந்து இறக்கினால் கேக் வெளிறிப்போகும், வெறும் இனிப்புதான் மிஞ்சும். பழுப்பு கடந்து அடர்ந்த செம்பழுப்பு வரவேண்டும், ஓரத்தில் மெல்லிய புகை எழும்புகிற நேரம். அடுத்த அரை நிமிஷத்தில் கசந்துவிடும் என்பதால் பக்கத்து அடுப்பில் வெந்நீரைத் தயாராக வைத்திருங்கள். அடுப்பை அணைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சர்க்கரை கட்டியாக இறுகும், தெறிப்பதும் அதிகம். இந்த வேலை நடக்கும்போது பிள்ளைகள் அடுக்களைக்குள் வரக்கூடாது.

மட்டிப்பழத்தைக் கேக்கில் போடுவது

வேண்டாம் மக்களே. மட்டி, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம குமரி மாவட்டத்து வாழைப்பழம், அந்த மணம் ஓவனில் நிற்காது. உரித்துத் தின்னுங்கள். கேக்குக்குத் தோல் கறுத்த பாளையங்கோட்டான் வாழைப்பழம் போதும்.

ரொட்டியைச் சூட்டோடு அறுப்பது

வெளியே எடுத்த பிறகும் உள்ளே நீராவி இருக்கிறது. அப்போது அறுத்தால் நடுப்பகுதி களி மாதிரி கத்தியில் ஒட்டும். கம்பித் தட்டில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலை பாருங்கள். ஆறும்போது மேல்தோல் மெல்ல மெல்ல வெடிக்கிற சத்தம் பக்கத்தில் நின்றால் கேட்கும். எங்கள் வீட்டில் அது அடங்கின பிறகுதான் கத்தி எடுப்போம். முதல் துண்டுக்கு மார்த்தாண்டம் தேன்.