வாரத்துக்கு இரண்டு ஆட்டம்: அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கால்பந்து சீசனைத் திட்டமிடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (அங்கே சாக்கர்) முதல் நிலையான, என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் டிவிஷன் ஒன்றில் ஆண்கள் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடிகிறது. 2024இல் அது ஆகஸ்ட் 22 முதல் டிசம்பர் 16 வரை நடந்தது. இதில் வழக்கமான ஆட்டங்கள் மட்டும் 16 முதல் 18 வரை வரும். எல்லாம் நவம்பர் முதல் வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் நான்கைந்து நாளுக்கு ஓர் ஆட்டம், பல வாரங்களில் இரண்டு. ஐரோப்பாவில் பெரிய தொழில்முறை கிளப்கள் தாங்கும் நெருக்கம் இது. இங்கே பத்தொன்பது வயதுப் பையன்கள் தேர்வும் எழுதிக்கொண்டே தாங்குகிறார்கள்.

பயிற்சியாளராகவோ உதவியாளராகவோ மாணவர் மேலாளராகவோ ஓர் அணிக்குள் போகிறீர்கள் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். சீசன் ஓடத் தொடங்கிய பிறகு யாரையும் பெரிதாக முன்னேற்ற நேரம் கிடைக்காது. கால்களைப் பங்கு போட்டுச் செலவழிப்பதுதான் வேலை. கீழே உள்ளதெல்லாம் அந்தப் பங்கீட்டைப் பற்றியது.

அட்டவணை: வேலை ஓர் ஆண்டு முன்பே தொடங்குகிறது

கான்ஃபரன்ஸ் (உங்கள் கல்லூரி சேர்ந்துள்ள லீக்) ஆட்டங்கள் தாமாக வரும். மீதி ஏழெட்டு ஆட்டங்களுக்கு எதிரணியை நீங்கள் பிடிக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 48 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் நேராகப் போவார்கள். மற்ற இடங்களுக்குத் தேர்வுக் குழு பார்க்கும் எண்களில் முக்கியமானது ஆர்.பி.ஐ. என்ற மதிப்பீட்டு எண். அதன் அடிப்படைக் கணக்கில் உங்கள் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், உங்கள் எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50, அந்த எதிரணிகள் யாரோடு ஆடினார்களோ அவர்களின் விகிதத்துக்கு 25.

ஆக, நீங்கள் ஜெயிப்பதைவிட நீங்கள் சந்திக்கும் அணி மற்ற நாட்களில் ஜெயிப்பதற்கு இரு மடங்கு மதிப்பு. கடைசி இடத்தில் கிடக்கும் அணியை 5-0 என்று அடித்தாலும் எண் இறங்கலாம். பெரிய பெயர் கொண்ட, ஆனால் ஐந்தே ஆட்டம் ஜெயிக்கப்போகும் அணியைவிட, சின்ன கான்ஃபரன்ஸில் பன்னிரண்டு ஆட்டம் ஜெயிக்கப்போகும் அணி உங்களுக்கு லாபம். கடந்த இரண்டு மூன்று சீசன் முடிவுகளையும், யார் படிப்பு முடித்துப் போகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு அழையுங்கள்.

தேதி குறிக்கும்போது கல்லூரிக் காலண்டரைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். அக்டோபர் நடுவில் இடைத்தேர்வுகள் வரும். அந்த வாரத்தில் ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம் வைத்தால் தூக்கம், தேர்வு, ஆட்டம் மூன்றும் கெடும்.

ஆட்டக்காரர் எண்ணிக்கையும் படிப்புக் கணக்கும்

2025 முதல், ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்க வழிசெய்த ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஆண்கள் கால்பந்தில் 28 பேர் என்ற உச்சவரம்பு இருக்கிறது. மூன்று கோல்கீப்பர்களைக் கழித்தால் 25. காயத்தில் எப்போதும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆட உண்மையில் நம்பக்கூடியவர்கள் 16 பேராவது வேண்டும். 11 பேரை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்கும் அணி எது என்று அக்டோபரில் தெரிந்துவிடும்: 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு அடி வாங்கும்.

ஒவ்வொருவரும் முழுநேர மாணவராக இருக்க ஒரு பருவத்துக்கு (செமஸ்டர்) குறைந்தது 12 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் புள்ளி) வேண்டும். இந்தியாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் கடினமான ஒரு பாடத்தை நடுவில் கைவிட்டு 12க்குக் கீழே இறங்கினால் ஆடும் தகுதியும் போகும், விசாவும் சிக்கலாகும். 15 கிரெடிட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பாடத்தை விட நேர்ந்தாலும் மூச்சுவிட இடம் இருக்கும். பயணத் தேதிகளைப் பேராசிரியர்களுக்கு முதல் வாரத்திலேயே கடிதமாகக் கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் இரவு மின்னஞ்சல் அனுப்பினால் யாரும் இரங்க மாட்டார்கள்.

20 மணி நேரம்: எது கணக்கில் வரும்

சீசனில் வாரத்துக்கு 20 மணி, ஒரு நாளைக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. இது விதி. பயிற்சி, எடைப்பயிற்சி, கட்டாய வீடியோ கூட்டம் எல்லாம் இதற்குள். ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணியாகவே எழுதப்படும். இரண்டு ஆட்டம் என்றால் 6 போய்விட்டது, மீதி 14.

வெள்ளி, செவ்வாய் ஆட்டம் என்று வைத்து ஒரு வாரத்தைப் பிரித்தால் இப்படி வரும். சனிக்கிழமை, முன்தினம் 60 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களுக்குச் சைக்கிள் 20 நிமிடம், லேசான நீட்சி, அவ்வளவுதான். ஞாயிறு ஒன்றுதான் அந்த வாரத்தின் நிஜமான பயிற்சி நாள்: 70 முதல் 75 நிமிடம், அதில் தாக்குதல் வடிவம், தற்காப்பு வடிவம் இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். திங்கள் 45 நிமிடம், செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை), வேகமான சின்னச் சின்ன ஓட்டம். செவ்வாய் ஆட்டம். புதன் ஓய்வு. வியாழன் திங்களைப் போலவே. ஞாயிறன்று எல்லாவற்றையும் திணிக்க ஆசை வரும். தசையில் கிளைகோஜன் (சேமித்து வைத்த மாவுச்சத்து) முழுதாக நிரம்ப 48 முதல் 72 மணி நேரம் ஆகும். ஞாயிறு மாலை கசக்கிப் பிழிந்த கால் செவ்வாய் இரவுக்குத் தேறாது.

இனி பெஞ்சில் இருந்தவர்கள். தொழில்முறை கிளப்களில் ஆட்டம் முடிந்ததும் மாற்று ஆட்டக்காரர்களை அங்கேயே ஓடவிடுவார்கள். என்.சி.ஏ.ஏ. விதிப்படி ஆட்டத்துக்குப் பிறகு அன்றைக்குப் பயிற்சி கூடாது. அதனால் 45 நிமிடத்துக்குக் குறைவாக ஆடியவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் தனிப் பயிற்சி வைத்தே ஆக வேண்டும்: நாலுக்கு நாலு சிறு ஆட்டம் 4 நிமிடம் வீதம் நான்கு சுற்று, இடையில் 2 நிமிட ஓய்வு, பிறகு 30 மீட்டர் ஓட்டம் ஆறு முதல் எட்டு முறை, முழு வேகத்தில் 90 சதவீதம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஆறு வாரம் உட்கார்ந்திருந்தவர் அக்டோபரில் களம் இறங்கி, முதல் நீண்ட ஓட்டத்திலேயே பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். துரதிர்ஷ்டம் என்று எழுதிவைப்பார்கள். பெரும்பாலும் அது அட்டவணைக் கோளாறு.

வார்ம்-அப்பைப் பந்து தொடும் சடங்காக விடாதீர்கள்

'ஃபிஃபா 11+' என்ற 15 பயிற்சிகள் கொண்ட வார்ம்-அப் 20 நிமிடம் எடுக்கும்: ஓட்டம் 8, வலிமையும் சமநிலையும் 10, வேக ஓட்டம் 2. 2012 சீசனில் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகளிலேயே சோதித்தபோது, இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். ஆட்ட நாளில் நடுவில் உள்ள வலிமைப் பகுதியை விட்டுவிட்டு முதலாவதும் மூன்றாவதும் போதும்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, மூன்று படிநிலைகள் இருந்தும் சீசன் முழுக்க முதல் படியிலேயே நிற்பது. இரண்டு, நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங். முட்டி போட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் பயிற்சி அது. முதல் வாரம் நன்றாக வலிக்கும், அதனால் கைவிடுகிறார்கள். ஆகஸ்டிலேயே 3 முதல் 5 முறை என்று தொடங்கினால் செப்டம்பரில் வலி இருக்காது. செப்டம்பர் நடுவில் முதன்முறையாகத் தொடங்கினால், வலிக்கும் காலோடு ஆட்டத்துக்குப் போவார்கள்.

தண்ணீர், சோறு, தூக்கம்

ஆகஸ்டில் தென்கிழக்கே கரோலினா மாநிலங்கள் பக்கமெல்லாம் ஈரப்பதமான வெயில். சென்னையில் ஆடிப் பழகியவருக்குப் பரவாயில்லை, மற்றவர்களுக்குக் கொடுமை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 75 கிலோ ஆள் 1.5 கிலோ இழந்திருந்தால் உடல் எடையில் 2 சதவீதம் போயிற்று, ஆட்டம் தடுமாறத் தொடங்கும் எல்லை அது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றரை லிட்டர், உப்பு சேர்த்த பானமாக, அடுத்த சில மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் கிலோவுக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து: அதே 75 கிலோ ஆளுக்கு 450 முதல் 600 கிராம். ஒரு கப் சோற்றில் 45 கிராம்தான் இருக்கிறது என்று சொன்னால்தான் அது எவ்வளவு பெரிய அளவு என்று புரியும். கல்லூரி உணவகத்தில் கோழியும் சாலட்டும் மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு ஆரோக்கியமாகச் சாப்பிடுவதாக நினைப்பவர்கள்தான் இரண்டாவது பாதியில் காலியாகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முதல் நான்கு மணி நேரம், மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். பேருந்தில் ஏறும்போதே ஆளுக்கு அரை லிட்டர் சாக்லேட் பாலும் ஒரு வாழைப்பழமும் கையில் கொடுத்தால் முதல் மணி நேரக் கணக்கு முடிந்தது. வழியில் எங்காவது நிறுத்திச் சாப்பிடலாம் என்று விட்டால் இரவு பத்தரைக்குத் திறந்திருப்பது பர்கர் கடை மட்டும்தான்.

இரவு இரண்டு மணிக்கு வந்து இறங்கியவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு எடைப்பயிற்சி வைக்காதீர்கள்.

மாற்று ஆட்டக்காரர் விதி: இங்கேதான் ஆட்டம் மாறுகிறது

கல்லூரி ஆட்டத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். முதல் பாதியில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது. இரண்டாவது பாதியில் வெளியே வந்தவர் ஒரே ஒரு முறை திரும்பலாம். ஃபார்வர்டுகளுக்கு இது வரப்பிரசாதம்: 30ஆவது நிமிடம் வெளியே, இரண்டாவது பாதியின் தொடக்கத்தில் உள்ளே, 60இல் வெளியே, 75இல் மறுபடி உள்ளே. மொத்தம் 60 நிமிடம்தான், ஆனால் முழு வேகத்தில் 60. சென்டர் பேக்குகளையும் கோல்கீப்பரையும் இந்தச் சுழற்சியில் சேர்க்காதீர்கள், புரிதல் குலையும்.

சாதாரணத் தவறு: நல்ல மிட்ஃபீல்டர் ஒருவர் சொதப்புகிறார் என்று 20ஆவது நிமிடத்தில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பலாம் என நினைப்பது. 25 நிமிடம் அவரை இழந்துவிட்டீர்கள். உதவியாளர் ஒருவர் கையில் காகிதம் வேண்டும். யார், எப்போது வெளியே, எப்போது உள்ளே, மறுநுழைவு தீர்ந்ததா என்று நான்கு பத்தி. அதே காகிதத்தின் ஓரத்தில் மஞ்சள் அட்டைகளையும் எழுதுங்கள். சீசனில் ஐந்தாவது மஞ்சள் வந்தால் அடுத்த ஆட்டம் கிடையாது. நான்கோடு நிற்பவரை, கடினமான கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது களத்தில் விட்டுவைப்பது வீண் வம்பு.

கடிகாரம் 45:00இலிருந்து கீழே இறங்கும். கூடுதல் நிமிடம் என்று எதுவும் இல்லை. பூஜ்யம் வரும் முன் பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். காற்றில் இருந்தால் கோல் கிடையாது. கடைசி ஐந்து நிமிடத்தில் முன்னிலையில் உள்ள அணி ஆளை மாற்றினால் கடிகாரம் நிற்கும், ஆகவே நேரத்தைக் கரைக்க அந்த வழி உதவாது. 2022 முதல் வழக்கமான ஆட்டங்களில் எக்ஸ்ட்ரா டைம் கிடையாது. டிரா என்றால் டிராதான்.

நிமிடக் கணக்கு

ஆட்டமோ பயிற்சியோ முடிந்து அரைமணி கழித்து ஒவ்வொருவரிடமும் 0 முதல் 10 வரை எவ்வளவு கடினமாக இருந்தது என்று கேளுங்கள், நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், 8 என்றால் 720. தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் கேப்டன் சொன்ன எண்ணையே சொல்வார்கள். பெருக்கி வந்த எண்ணைவிட அதன் போக்கைப் பாருங்கள். வழக்கமாக 7 சொல்பவர் அதே மாதிரிப் பயிற்சிக்கு 9 சொன்னால் தூக்கம் கெட்டிருக்கிறது, அல்லது எதையோ மறைக்கிறார். எட்டு நாளில் மூன்று முறை 90 நிமிடம் ஆடியவருக்கு நான்காவதில் பாதி நேரம்தான் என்று சீசன் தொடங்கும் முன்பே முடிவெடுத்து வையுங்கள். அன்றைக்கு முடிவெடுக்கலாம் என்றால் அவரை ஆடவிடத்தான் தோன்றும்.

இந்த நெருக்கடிக்கு மருந்தாக, சீசனைக் கல்லூரி ஆண்டின் இரண்டு பருவத்துக்கும் பரப்ப வேண்டும் என்று மேரிலாந்து பல்கலைக்கழகப் பயிற்சியாளர் சாஷோ சிரோவ்ஸ்கி போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அந்த வாதம் நியாயமானது. அது நடக்கும்வரை காகிதமும் பென்சிலும்தான்.

நவம்பர்

தேசியப் போட்டியில் முதல் 16 அணிகளுக்குத் தரவரிசை உண்டு, அவை முதல் சுற்றைத் தாண்டி நேராக இரண்டாவதுக்கு வரும். தரவரிசை இல்லாதவர்கள் வியாழன் ஆடி, ஞாயிறு மறுபடி ஆட வேண்டும். அவர்களுக்குக் கோப்பை ஆறு சுற்று தூரம். 2024இல் தரவரிசையே இல்லாத வெர்மான்ட் அந்த ஆறையும் தாண்டி, இறுதியில் மார்ஷலை எக்ஸ்ட்ரா டைமில் 2-1 என்று தோற்கடித்தது. இந்தப் போட்டியில் சமன் ஆனால் 10 நிமிடம் வீதம் இரண்டு எக்ஸ்ட்ரா டைம், பிறகு பெனால்டி ஷூட்அவுட். 2022 இறுதி 2-2 ஆகி, சிரக்யூஸ் இண்டியானாவை 7-6 என்று ஷூட்அவுட்டில்தான் வென்றது. ஐந்து பேரை மட்டும் தயார் செய்தால் போதாது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. அக்டோபரிலிருந்து வாரம் ஒரு முறை, களைத்த காலோடு, பயிற்சியின் கடைசியில், பத்துப் பேர் நடுக்கோட்டிலிருந்து நடந்து வந்து ஆளுக்கு ஒன்று அடிக்கட்டும். எந்தப் பக்கம் அடித்தார் என்பதைக் குறித்து வையுங்கள்.

வடக்கே நவம்பர் இரவில் வெப்பம் உறைநிலையைத் தொடும். வார்ம்-அப்பை ஐந்து நிமிடம் நீட்டுங்கள். பெஞ்சில் இருப்பவர்களுக்குப் போர்வையும் காலுறை இன்னொரு ஜோடியும். உள்ளே அனுப்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே எழுப்பி ஓடவிடுங்கள். செயற்கைப் புல் மைதானம் என்றால் ஒவ்வொருவரும் அதற்கான குட்டை ஸ்டட் ஷூவும் எடுத்து வந்தார்களா என்று பேருந்து கிளம்பும் முன் பைகளைத் திறந்து பாருங்கள்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் இரண்டு வாரம் பந்தைத் தொட வேண்டாம். ஃபால் (இலையுதிர் காலம்), ஸ்பிரிங் (வசந்த காலம்) இரண்டு பருவத்துக்கும் சேர்த்து விதி தருவது 132 நாள். அதற்கு வெளியே வாரம் 8 மணிதான். ஸ்பிரிங்குக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்பதை டிசம்பரிலேயே எண்ணி, நார்டிக்கையும் எடைப்பயிற்சியையும் முதலில் அதற்குள் பொருத்துங்கள்; நட்பு ஆட்டங்களுக்குப் பிறகு தேதி பார்க்கலாம்.