வானத்துல இருந்து கல்லு விழுந்தா என்ன பண்ணணும்? கொங்குப் பக்கத்துக்காரங்களுக்கு

ராத்திரி வானத்துல பகல் மாதிரி ஒரு வெளிச்சம் ஓடி, ஒன்றரை நிமிஷம் கழிச்சு டம்டம்னு சத்தம் வந்து ஜன்னல் அதிர்ந்துச்சுன்னா, அடுத்த பத்து நிமிஷத்துல எல்லா வாட்ஸப் குரூப்லயும் "எங்க தோட்டத்துக்கு மேக்கால தான் விழுந்துச்சு"ன்னு மெசேஜ் ஓட ஆரம்பிச்சிரும். அப்ப என்ன பண்ணணும், கல்லு கிடைச்சா எப்படி எடுக்கணும், லேபுக்கு போனதுக்கப்புறம் அதை எப்படி வகை பிரிக்கறாங்க, எல்லாத்தையும் நம்ம பக்கத்துக்கு தகுந்த மாதிரி எழுதறேன். நமக்கெங்க விழப்போகுதுன்னு நினைக்காதீங்க. 2008 செப்டம்பர் 12ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி பக்கம் விழுந்தது மொத்தம் 110 கிலோ. பழனிமலைத் தொடர்ல கொடைக்கானல்ல 1898லயே ஒரு இரும்பு விண்கல்லு கிடைச்சிருக்கு, உலகத்துல இருக்கற விஞ்ஞானிங்க இன்னைக்கும் அதைப் படிச்சிட்டு இருக்காங்க.

லேபுல எத்தனை கோடி ரூபா மெஷின் இருந்தாலும் சரி, அந்தக் கல்லு எவ்வளவு விஷயம் சொல்லும்ங்கறதை மொத ரெண்டு நாள்ல அதைக் கையில எடுத்தவங்க தான் முடிவு பண்றாங்க. அது ஒரு ஆடு மேய்க்கறவரா இருக்கலாம், தறிக்குப் போற அக்காவா இருக்கலாம். அதனால தான் இதை இவ்வளவு விளக்கமா சொல்றேன்.

மொதல்ல தேடி ஓடாதீங்க, பாத்ததை எழுதி வைங்க. மணி என்ன, எங்க நின்னீங்க, வெளிச்சம் எங்கிருந்து எங்க போச்சு, எந்த உசரத்துல அணைஞ்சுச்சு, அணைஞ்சதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல எத்தனை செகண்டு. நம்ம ஊர்ல இடது வலதுனு சொல்லாம மேக்க, கெழக்க, வடக்க, தெக்கன்னே பேசற பழக்கம் இருக்கறது இதுக்கு ரொம்பவே உதவும். உசரம் சொல்லத் தெரியலீன்னா கையை நேரா நீட்டி விரலை மடக்கிப் பாருங்க, அந்த அகலம் வானத்துல சுமார் 10 டிகிரி, அப்படி எத்தனை கைன்னு எண்ணிச் சொன்னா போதும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் மூணு செகண்டு எடுக்கும், அப்ப 90 செகண்டு கழிச்சுக் கேட்டுச்சுன்னா வெடிச்ச இடம் உங்களுக்கு 30 கிலோமீட்டர் தூரம். பெரிய எரிகல்லுங்க 20ல இருந்து 30 கிலோமீட்டர் உசரத்துல தான் அணையும்ங்கறதால, அது கிட்டத்தட்ட உங்க தலைக்கு மேலயே நடந்திருக்குன்னு அர்த்தம்.

சத்தம் மட்டும் கேட்டா கொஞ்சம் யோசிங்க. சூலூர்ல ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் இருக்கு, ஜெட் விமானம் ஒலி வேகத்தைத் தாண்டினாலும் இதே மாதிரி தான் ஊரே அதிரும். கல்குவாரி வெடி, கெணத்து வெடி வேற இருக்கு. 2016 பிப்ரவரியில நாட்றம்பள்ளி பக்கம் ஒரு காலேஜ்ல ஒருத்தர் இறந்தப்ப விண்கல்லுனு செய்தி உலகம் பூரா போச்சு, அப்புறம் போட்டோவைப் பாத்த நாசா விஞ்ஞானிங்க அது தரையில நடந்த வெடிப்பு மாதிரி தான் இருக்குன்னு சொன்னாங்க. வெளிச்சமோ, பகலா இருந்தா புகைக்கோடோ, ரெண்டுல ஒண்ணு கூட யாரும் பாக்கலீன்னா விண்கல்லுனு முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து சிசிடிவி. இதுல ஒரு நாள் கூட தள்ளிப் போடக்கூடாது, ஏன்னா டிவிஆர் (கேமரா வீடியோவைப் பதிவு பண்ற பெட்டி) பழசை அழிச்சிட்டு மேல எழுதிட்டே போகும். பெட்ரோல் பங்க், கோழிப்பண்ணை, பனியன் கம்பெனி கேட்டு, எல்லா இடத்துலயும் கேமரா இருக்கு, வானம் தெரியணும்னு கூட அவசியமில்லை, அந்த வெளிச்சத்துல ஒரு கரண்ட் கம்பத்தோட நிழல் எப்படி சுத்துச்சுன்னு தெரிஞ்சா அதுல இருந்தே திசையைக் கணக்கு போட்டுருவாங்க. வீடியோவை காப்பி எடுக்கும்போது டிவிஆர் காட்டற மணியையும் உங்க போன் மணியையும் ஒண்ணா ஒரு போட்டோ புடிச்சிருங்க, அந்த மெஷினுங்க பல நிமிஷம் முன்னபின்ன ஓடிட்டிருக்கும். தாராபுரத்துல ஒரு வீடியோ, மேட்டுப்பாளையத்துல ஒரு வீடியோன்னு நல்ல தூரத்துல ரெண்டு கிடைச்சா தான் வெளிச்சம் போன பாதையைப் புடிக்க முடியும். பாத்ததை இன்டர்நேஷனல் மீட்டியர் ஆர்கனைசேஷனோட இணையதளத்துல ஃபார்ம் நிரப்பி அனுப்பலாம், எந்த நாட்டுல இருந்தாலும் எடுத்துக்குவாங்க.

"பக்கத்துக் காட்டுல தான் விழுந்துச்சு, என் கண்ணால பாத்தேன்"னு நிறையப் பேர் சத்தியம் பண்ணுவாங்க. அவங்க பொய் சொல்லலைங்க, கண்ணு அப்படித்தான் காட்டும். வெளிச்சம் தென்னை மரத்துக்குப் பின்னாடி இறங்குன மாதிரி தெரிஞ்சா அது நூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட கூட இருக்கும். ஏன்னா கல்லு எரிஞ்சுக்கிட்டே தரைக்கு வர்றதில்லை. செகண்டுக்கு குறைஞ்சது 11 கிலோமீட்டர் வேகத்துல உள்ள வந்து, காத்து தடுத்து வேகம் செத்ததும் அணைஞ்சிரும், அதுக்கப்புறம் இருட்டுல சும்மா விழற கல்லு தான். ஒரு கிலோ அளவு கல்லுன்னா மணிக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல, வெளிச்சம் போயி சில நிமிஷம் கழிச்சு தான் தரையைத் தொடும். உண்மையிலேயே பக்கத்துல இருந்தவங்களுக்கு வெடிச் சத்தத்தோட விர்ருனு ஒரு காத்துச் சத்தமும் தொப்புனு ஒண்ணும் கேட்டிருக்கும், அப்படிச் சொல்றவங்களைத் தேடிப் புடிங்க, அவங்க சாட்சி தான் தங்கம்.

அந்த இருட்டு நேரத்துல காத்து கல்லைத் தள்ளிட்டுப் போகும், சின்னக் கல்லை அதிகமா தள்ளும். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்காத்து அடிக்கறது நமக்குத் தெரியும், ஆனா அதே சமயம் 15 கிலோமீட்டர் உசரத்துல கெழக்கிருந்து மேக்க பலமா காத்து ஓடுது, அதனால கீழ அடிக்கற காத்தை மட்டும் வெச்சு கணக்கு போட்டா தப்பாயிரும். வானிலை பலூன் டேட்டாவை வெச்சு தான் போடணும். உடைஞ்ச துண்டுங்க ஒரு நீள்வட்டத்துல சிதறிக் கிடக்கும், பாதையோட முன்கோடியில பெரிய கல்லு, பின்கோடியில சின்னச் சின்னது. ரெண்டு மூணு கல்லு கிடைச்சு எடையும் இடமும் தெரிஞ்சா அடுத்தது எந்தப் பக்கம்னு புரிஞ்சிரும்.

தேடறதுக்கு நம்ம பக்கத்துல காங்கயம் தாராபுரம் கொறங்காடு மாதிரி நல்ல இடம் கிடையாது, மாடு ஆடு மேஞ்ச தரை, கறுப்புக் கல்லு கிடந்தா தூரத்துல இருந்தே தெரியும். மஞ்சக்காடு, கரும்புக்காடு எல்லாம் அறுப்பு முடியற வரைக்கும் கஷ்டம். அதை விட முக்கியமா கூரைங்களைப் பாருங்க. பல்லடம் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை, தறிக்குடோன்னு எத்தனை ஆயிரம் சிமெண்டு சீட்டு கூரை இருக்கு, அதுல புதுசா ஒரு ஓட்டை விழுந்திருந்தா கீழ பாக்கணும். மொட்டை மாடி, சோலார் பேனல், தார் ரோடு இதையும் விடாதீங்க. பெரிய பள்ளத்தைத் தேட வேண்டாம், ஒரு கிலோ கல்லு கெட்டித் தரையில பட்டா சின்னக் குழி தான் இருக்கும், தண்ணி பாஞ்ச வயல்னா உள்ள புதைஞ்சிரும். யார் தோட்டமா இருந்தாலும் சொல்லிட்டு, கேட்டுட்டு உள்ள போங்க.

இப்ப அடையாளம். புதுசா விழுந்த கல்லுக்கு மேல கருப்பா, பெரும்பாலும் மங்கலா ஒரு மில்லிமீட்டர் கூட வராத மெல்லிசு தோல் இருக்கும். அது காத்துல உருகி உறைஞ்சது. மூலை உடைஞ்சிருந்தா அந்த எடத்தை லென்ஸ் வெச்சுப் பாருங்க: விளிம்புல கருப்புக் கோடு, அதுக்கு உள்ள சிமெண்டு நிறத்துல வெளிர் சாம்பல், அந்தச் சாம்பலுக்குள்ள வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தா வெள்ளி மாதிரி மினுங்கற சின்னச் சின்ன உலோகப் பொட்டு. ஈரம் பட்டிருந்தா அந்தப் பொட்டைச் சுத்தி சில நாள்லயே துருக்கறை படிய ஆரம்பிச்சிருக்கும். மேல்பக்கத்துல களிமண்ணைக் கட்டை விரலால அமுத்துன மாதிரி குழிவு குழிவா இருக்கலாம். எடை சாதாரணக் கல்லை விட தூக்கலா இருக்கும், கிரானைட் அடர்த்தி 2.7, கல் விண்கல்லு பெரும்பாலும் 3.2ல இருந்து 3.7, இரும்பு வகைன்னா 7.8 பக்கம் வந்திரும்.

நம்ம மண்ணுல ஏமாத்தற கல்லு நிறைய இருக்குங்க, அதையும் சொல்லிடறேன். சேலம் கஞ்சமலையில இருக்கறது இரும்புத் தாது, கனமா இருக்கும், காந்தத்துல ஒட்டும், ஆனா உடைச்சுப் பாத்தா வரி வரியா இருக்கும். நொய்யல் கரையில கொடுமணல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே இரும்பு உருக்கியிருக்காங்க, அந்தப் பக்கம் உழவுல இன்னும் இரும்புச் சிட்டம் (உருக்கும்போது மிஞ்சற கசடு) மேல வரும். கோயமுத்தூர் பவுண்டரி கசடு ரோட்டோரம் எல்லாம் கொட்டிக் கிடக்கு. சிட்டத்துலயும் கசடுலயும் காத்துக் குமிழி ஓட்டை இருக்கும், விண்கல்லுல அப்படி ஓட்டை அனேகமா இருக்காது. சந்தேகம்னா டைல்ஸோட பின்பக்கம் தேச்சுப் பாருங்கன்னு சொல்லுவாங்க, சிவப்போ கருப்போ கோடு விழுந்தா தாது தான், ஆனா இதை ரோட்டோரக் கல்லுக்கு பண்ணுங்க, கருந்தோல் இருக்கற கல்லுக்கு பண்ணாதீங்க.

காந்தம் வேண்டவே வேண்டாம். எல்லாரும் மொதல்ல ஸ்பீக்கர் காந்தத்தைத் தான் தூக்கிட்டு வருவாங்க. அந்தக் கல்லுக்குள்ள சூரியக் குடும்பம் உருவான காலத்துக் காந்தப்புலம் பதிவாகி இருக்கலாம், நீங்க ஒரு தடவை ஒட்டி எடுத்தா போச்சு, திரும்ப வராது.

எடுக்கற முறை இது தான். கல்லை அசைக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு ஸ்கேலோ பத்து ரூபா காசோ வெச்சு நாலு பக்கமும் போட்டோ, போன்ல ஜிபிஎஸ் இடம், குழியோட ஆழம் அகலம். வெறுங்கையில தொடாம புது அலுமினியம் ஃபாயில்ல சுத்தி எடுத்து, புது ஜிப் கவர்ல போட்டு, மேல தேதி, மணி, இடம், எடை எழுதுங்க. சூடா இருக்கும்னு பயப்பட வேண்டாம், மேல்தோல் மட்டும் தான் உருகுது, உள்ள விண்வெளிக் குளிரு அப்படியே இருக்கும். கதிர்வீச்சு ஆபத்தும் இல்லை. கழுவக் கூடாது, மழை வர்ற மாதிரி இருந்தா ஓடிப்போயி எடுத்திரணும், தண்ணி பட்டா உலோகம் துருப்புடிக்கும், கரையற உப்பெல்லாம் போயிரும். கவருக்குள்ள ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டு ரெண்டு போடுங்க.

வானத்துல இருந்து வந்த கல்லுன்னா பயபக்தியோட கும்பிடறது இயல்பு, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா மஞ்ச, குங்குமம், பால், சூடம் எதுவும் கல்லு மேல படாம தள்ளி நின்னு கும்பிடுங்க. 2017 ஜூன் 6ஆம் தேதி ஜெய்ப்பூர் பக்கம் முகுந்த்புரா ஊர்ல விழுந்தது சிஎம்2ங்கற கார்பன் வகை, இந்த வகையில தான் 1969ல ஆஸ்திரேலியாவுல விழுந்த மர்ச்சிசன் கல்லுல அமினோ அமிலம் கண்டுபுடிச்சாங்க. அப்படி ஒண்ணு நம்ம ஊர்ல விழுந்து, அது மேல சூடம் எரிஞ்சிருந்தா எது வானத்துப் பொருள் எது பூசைப் பொருள்னு பிரிக்கறதுக்குள்ள லேபுக்காரங்க திண்டாடிப் போயிருவாங்க. அதே மாதிரி பங்கு போடறதுக்கு உடைக்கறது, கிரைண்டர் வெச்சு அறுக்கறது ரெண்டும் கூடாது.

யாருகிட்ட சொல்றது? விஏஓ, போலீஸ் ஸ்டேஷன், தாசில்தார் ஆபீஸ், அவங்க மூலமா ஜியாலஜிக்கல் சர்வே ஆப் இந்தியா. இந்தியாவுல விழற விண்கல்லுங்களை சேத்துப் பாதுகாக்கற அமைப்பு அவங்க தான், தலைமையகம் கொல்கத்தா, சென்னை கிண்டியில அலுவலகம் இருக்கு. அகமதாபாத் பிஆர்எல் (பிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரி) விஞ்ஞானிங்களும் ஆராய்ச்சி பண்றாங்க. குடுக்கும்போது எடை, போட்டோவோட கையெழுத்து வாங்கிக்குங்க, கண்டுபுடிச்ச இடமும் நேரமும் அதுல இருக்கணும்.

சீக்கிரம் குடுக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. விண்வெளிக் கதிர் பட்டு கல்லுக்குள்ள சில கதிரியக்க அணுக்கள் உருவாகியிருக்கும், சோடியம்-24 பாதியா குறைய 15 மணி நேரம் தான், வனேடியம்-48க்கு 16 நாள், மாங்கனீஸ்-54க்கு 312 நாள், சோடியம்-22க்கு 2.6 வருசம். லேபுல கல்லை அறுக்கறதுக்கு முன்னாடியே காமா கதிர் கருவிக்குள்ள முழுசா வெச்சு இதை எண்ணுவாங்க. விண்வெளியில அது எவ்வளவு பெருசா இருந்துச்சு, நம்ம கையில இருக்கற துண்டு அதுக்குள்ள எந்த ஆழத்துல இருந்துச்சு, உண்மையிலேயே இப்ப தான் விழுந்துச்சா, எல்லாம் இதுல தெரியும்.

அப்புறம் ஒரு துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேச்சு மைக்ராஸ்கோப்புல வெப்பாங்க. விழறதுல நூத்துக்கு எண்பதுக்கு மேல சாதாரண காண்ட்ரைட்ங்கற கல் வகை தான், அதுக்குள்ள உருண்டை உருண்டையா காண்ட்ரூல்ங்கற சின்ன மணிங்க தெரியும். எலக்ட்ரான் மைக்ரோபுரோப்ங்கற கருவியில ஆலிவின் கனிமத்துல இரும்பு எவ்வளவுன்னு பாப்பாங்க, ஃபயலைட் (ஆலிவின்ல இரும்பு இருக்கற பங்கு) 16ல இருந்து 20 சதவீதம்னா எச் பிரிவு (உலோகம் அதிகம்), 22 முதல் 26னா எல், அதுக்கு மேல 32 வரைக்கும் எல்எல். கூடவே 3ல இருந்து 6 வரைக்கும் ஒரு நம்பர், 3னா காண்ட்ரூல் பளிச்சுனு இருக்கும், 6னா தாய்க்கோள்ல (கல்லு உடைஞ்சு வந்த பெரிய விண்பொருள்ல) சூடேறி மங்கிப் போயிருக்கும். சூளகிரி கல்லு எல்எல்6, அதாவது உலோகம் கம்மி, நல்லா வெந்த கல்லு. மோதல் அடி எவ்வளவு பட்டிருக்குன்னு எஸ்1ல இருந்து எஸ்6, துரு எவ்வளவுன்னு டபிள்யூ0ல இருந்து டபிள்யூ6. காண்ட்ரூலே இல்லாத வகையும் உண்டு, 2022 ஆகஸ்ட் 17ஆம் தேதி குஜராத் தியோதர்ல விழுந்தது ஆப்ரைட், ரொம்ப அபூர்வம். இரும்பு வகைன்னா அறுத்து பாலிஷ் பண்ணி நைட்ரிக் ஆசிட் கலவை தடவுவாங்க, குறுக்கும் நெடுக்குமா கோடு விழும், அதோட நிக்கல், காலியம், ஜெர்மானியம் அளவையும் வெச்சு வகை சொல்லுவாங்க.

கடைசியா மீட்டியோரிட்டிக்கல் சொசைட்டிங்கற உலக விண்கல்லு விஞ்ஞானிங்க சங்கத்தோட பெயர்க் குழுவுக்கு விண்ணப்பம் போகும். 20 கிராம் அல்லது மொத்த எடையில 20 சதவீதம், இதுல எது கம்மியோ அதை அங்கீகாரம் பெத்த நிறுவனத்துல வெச்சே ஆகணும். பக்கத்து ஊர்ப் பேரு தான் கல்லுக்குப் பேரு. அதுக்கப்புறம் மாசம் கழிச்சு உழவுல கிடைக்கற துண்டும் அதே பேர்ல தான் சேரும், மழையில நனைஞ்சிருந்தாலும் பரவால்லை, அதுக்கும் இடம், எடை, போட்டோ எடுத்து வைங்க, சிதறல் வரைபடத்துல ஒரு புள்ளி கூடும்.