மூன்று மாத வேலைக்குப் போகுமுன் இனிஷியலைச் சரிசெய்வது எப்படி?

பண்டிகைக் காலத்தில் ஒரு குடோனில் மூன்று மாத ஒப்பந்த வேலை கிடைத்தது. என் பெயரைச் சரிசெய்யவே அதில் இரண்டு மாதம் போய்விட்டது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் அலைச்சல்தான். நமக்கோ திருத்தம் வருவதற்குள் வேலையே முடிந்துவிடும். அதனால் வேலை தேடத் தொடங்கும்போதே இதையும் தொடங்குங்கள்.

படி 1: எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

ஆதார், பான், பாஸ்புக்கின் முதல் பக்கம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், முன்பு எங்காவது பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருந்தால் அந்த யூஏஎன், அதாவது உங்கள் பிஎஃப் எண். ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக ஒரே தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தமிழில் லட்சுமி என்பது ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் அதற்கு எக்ஸ் போட்டவர்களும் உண்டு, கே எஸ் ஹெச் போட்டவர்களும் உண்டு. கணினிக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள். பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு பெயரை முடிவு செய்யுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும், கடைசிப் பெயர் கட்டத்தையும் காலியாக விட முடியாது. அப்படித்தான் 'எஸ். கவிதா' பான் அட்டையில் 'கவிதா செல்வராஜ்' ஆகிறார்.

எனவே விரித்த பெயரையே எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. ஆதாரைத்தான் முதலில் திருத்த வேண்டும், ஏனென்றால் மற்றவை அதோடுதான் ஒத்துப் பார்க்கப்படுகின்றன. புதுப் பெயர் அப்படியே இருக்கும் ஒரு சான்று கேட்பார்கள். பான் அட்டையையே காட்டலாம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். திருமணத்துக்குப் பின் அப்பா இனிஷியலை எடுத்துக் கணவர் இனிஷியல் போட்டிருந்தால் ஒரு முறை ஏற்கெனவே போயிருக்கும்.

ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒரே வாய்ப்புதான். பிஎஃப் அலுவலகம் 2024 ஜனவரியிலிருந்து ஆதாரைப் பிறந்த தேதிச் சான்றாக ஏற்பதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலோ பிறப்புச் சான்றிதழிலோ உள்ள தேதிக்கு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள்.

படி 3: போன் நம்பர்

ஆதாரோடு இணைத்த நம்பர் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா? ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்முக்கு ஓடிபி போனால் எந்த வேலையும் நகராது.

படி 4: யூஏஎன் ஒன்றுதான் இருக்க வேண்டும்

12 இலக்க எண் இது. எத்தனை ஒப்பந்ததாரர் மாறினாலும் ஒருவருக்கு ஒன்றுதான். "பழைய நம்பர் ஞாபகமில்லை" என்று ஒருமுறை சொன்னேன். அந்த ஒப்பந்ததாரர் புதிதாக ஒன்று போட்டுவிட்டார். அப்புறம் பழைய கணக்கின் பணத்தைப் புதியதற்கு மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டிலும் பெயர் வேறு, கேட்கவா வேண்டும்! அடிப்படைச் சம்பளத்தில் பொதுவாக 12 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள். மூன்று மாதம் என்றாலும் அது உங்கள் பணம். இப்போது புது யூஏஎன்னை அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி நீங்களே எடுக்கலாம். பழையது இருந்தால் அதை மட்டும் கொடுங்கள்.

பான் கொடுக்காமல் விட்டாலும் நஷ்டம்தான். வரி பிடிக்க வேண்டிய தொகையாக இருந்தால் பொதுவாக 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

படி 5: கொடுக்கும்போது

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். "வேலை முடிந்ததும் தருகிறோம்" என்றால், கண்ணெதிரே ஒத்துப் பார்த்துவிட்டு உடனே தரச் சொல்லுங்கள். ஜெராக்ஸின் மேல் எந்த வேலைக்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிஎஃப் பதிவுக்கு முழு ஆதார் எண் தேவை. நுழைவுச் சீட்டு மாதிரி விஷயங்களுக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுத்துப் பாருங்கள்; ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

நியமனக் கடிதத்தையும் கேளுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கொடுக்கச் சொல்கின்றன. தயங்கினால் வாட்ஸப்பிலாவது சேர்ந்த தேதியையும் சம்பளத்தையும் எழுதி வாங்குங்கள்.

சேரும் நாளில் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். பதிவு செய்பவரிடம், "சார், என் பெயரை எப்படி அடித்திருக்கிறீர்கள், ஸ்க்ரீனைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை. அப்போது அவர் ஒரு எழுத்தை அழித்து அடித்தால் போதும். அடுத்த வாரம் என்றால் விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.